நூறு வீதம் பூர்த்தியான மதியச் சாப்பாடு

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். இருபத்திநாலு அரசாங்க அதிகாரிகளுக்கு, ஒரு இலக்கை எப்படித் திட்டமிடுறது, அது நடக்குதோ இல்லையோ எண்டு எப்படிக் கண்காணிக்கிறது எண்டு சொல்லிக் குடுக்கோணும்.

நாட்டின்ர அபிவிருத்தி இலக்குகள் எண்டு ஒரு நீளப் பட்டியல் இருந்தது. வறுமையைக் குறைக்கிறது, குடிதண்ணி, பிள்ளையளின்ர படிப்பு, தாய்மாரின்ர சுகம் எல்லாம் அதுக்குள்ள. யுத்தம் ஒரு பக்கம் நடக்கும், இலக்கு இன்னொரு பக்கம் நடக்கும். இரண்டாவதைப் பார்க்கிறது எங்கட பயிற்சி நிலையம். அங்க தமிழில வகுப்பெடுக்கிறது நான்.

உடனே என்னைப் பெரிய ஆள் எண்டு நினைச்சிடாதேங்கோ. என்ர உத்தியோகம் மூண்டு மாத ஒப்பந்தம். அது முடிய இன்னொரு மூண்டு மாதம். இப்பிடியே மூண்டு வருஷம் இழுத்தாச்சு. மற்றவைக்கு நீண்டகாலத் திட்டம் சொல்லிக் குடுக்கிற எனக்கு அடுத்த மாதம் சம்பளம் வருமோ எண்டு தெரியாது.

அந்தமுறை ஒப்பந்தம் அந்தக் கிழமையோட முடியுது. அதோட இன்னொரு சிக்கலும் சேர்ந்து வந்திட்டுது.

அம்மாவும் நானும் வெள்ளவத்தையில ஒரு வீட்டோட ஒட்டின அனெக்ஸில வாடகைக்கு இருந்தனாங்கள். அந்தக் காலத்தில அங்க இருந்த தமிழ் ஆக்களுக்குத் தெரியும், பொலிஸ் பதிவு எண்டா என்னெண்டு. ஆர், எந்த ஊர், கொழும்பில என்ன அலுவல்? மூண்டாவது கேள்விக்கு அலுவலகக் கடிதம் வேணும். கடிதம் இல்லாட்டி அலுவல் இல்லை. அலுவல் இல்லாட்டி எப்ப வெளிக்கிடுறீங்கள் எண்டு கேப்பினம்.

வீட்டுக்கார அன்ரி நல்ல மனுசி. ஆனா அவவுக்கும் பயம்.

"பிள்ளை, திங்கட்கிழமை பதிவு புதுப்பிக்கோணும். கடிதம் எப்ப வரும்?"

"வந்திடும் அன்ரி."

"போன கிழமையும் இதைத்தான் சொன்னனீங்கள்."

எங்கட டிரெக்டரிட்டைப் போய்க் கேட்டன். சிங்கள மனுசன், தங்கமான ஆள், ஆனா தானா ஒரு முடிவும் எடுக்கமாட்டார். "வெள்ளிக்கிழமை அமைச்சின்ர செயலாளர் மேடத்தைக் கூட்டிக்கொண்டு உங்கட வகுப்புக்கு வாறன்," எண்டார். "பன்னிரண்டரைக்கு வந்து பார்த்திட்டு, அங்கயே எல்லாரோடயும் இருந்து சாப்பிடுவம். மேடத்துக்குப் பிடிச்சா உங்களுக்கு ஒரு வருஷக் கடிதம் தருவன். பிடிக்காட்டி..."

 

அந்த வெள்ளிக்கிழமைதான் இது.

வகுப்பு கொட்டாஞ்சேனையில, ஒரு மாடி மண்டபத்தில. காலமை ஆறரைக்கு வெள்ளவத்தையில பஸ் ஏறினன். கையில சுருட்டின சார்ட் ஒண்டு, என்ர உயரத்துக்கு. வழியில சோதனைச் சாவடியில எல்லாரையும் இறக்கினாங்கள். ஒரு ஆமிக்காரன் சார்ட்டைக் காட்டி, இது என்ன, விரி எண்டான். விரிச்சன். ஐஞ்சு நிரல் கீறின வெறும் கடதாசி.

"ஒண்டும் எழுதேல்லையே," எண்டான் சிங்களத்தில.

"இனித்தான் எழுதோணும்," எண்டன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையில சந்தேகம் இல்லை. பரிதாபம்தான் இருந்தது. போகச் சொல்லிவிட்டான்.

மிச்ச வழி முழுக்க பஸ்ஸில நிண்டுகொண்டே யோசிச்சன். வகுப்பின்ர முதல் இரண்டு நாளும் சப்பெண்டு போட்டுது. நான் சொல்லச் சொல்ல எல்லாரும் குனிஞ்சு எழுதினம். குறிகாட்டி எண்டா என்ன எண்டு கேட்டா, நான் சொன்னதையே திருப்பிச் சொல்லினம். மேடம் வந்து இதைப் பார்த்தா எனக்கு எங்க கடிதம்?

புறக்கோட்டை கிட்ட வரேக்க எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தா அம்மாவுக்கு நெஞ்சிடிக்கும். அவ அங்க இருந்திருந்தா பஸ்ஸிலயே என்ர வாயைப் பொத்தியிருப்பா.

யோசனை இதுதான். வறுமை, குடிதண்ணி எண்டு பெரிசாக் கதைக்காமல், கண்ணுக்கு முன்னால இருக்கிற ஒரு சின்ன இலக்கை எடுப்பம். அண்டையான் மதியச் சாப்பாடு. பன்னிரண்டரைக்கு எல்லாருக்கும் சோத்துப் பார்சல் வரோணும். அதிகாரிகளே திட்டம் போடட்டும், அவையே செய்யட்டும், அவையே கண்காணிக்கட்டும். மேடம் வரேக்க பார்சல் மேசையில இருக்கும். திட்டம் சுவரில இருக்கும். எனக்குக் கடிதம் கையில இருக்கும்.

மண்டப வாசலில கால் வைக்கேக்கையே போன் அடிச்சுது. மேரி அக்கா. ரெண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறவா. எங்கட வகுப்புகளுக்கு அவதான் சமைக்கிறவா. மூண்டு வருஷமா ஒரு நாள் பிந்தினதில்லை.

"மகள், இண்டைக்கு எத்தின பார்சல்? மரக்கறி எத்தின, மீன் எத்தின? சொன்னா உலை வைச்சிடுவன்."

"இண்டைக்கு நான் சொல்லமாட்டன் அக்கா. அதிகாரிகளே எடுத்துச் சொல்லுவினம்."

"ஆரு?"

"அதிகாரிகள் அக்கா. இண்டைக்கு அவையின்ர பொறுப்பு. இது ஒரு பயிற்சி."



"பத்து மணிக்கு முன்ன சொல்லச் சொல்லு மகள். அதுக்குப் பிறகு எண்டா எனக்கு ஏலாது."

"கட்டாயம் அக்கா," எண்டு போனை வைச்சன். கல்லுமாதிரி இருந்த ஒரே ஒரு ஏற்பாட்டை நானே என்ர கையால உடைச்சுப்போட்டு, சிரிச்சுக்கொண்டு மேல ஏறினன்.

எல்லாரும் வந்திருந்தினம். எட்டுப் பேர் எட்டுப் பேரா மூண்டு குழு. திட்டக் குழு, செயற்படுத்தும் குழு, கண்காணிப்புக் குழு. மேரி அக்காவின்ர போன் நம்பரைப் பெரிசாப் பலகையில எழுதிவிட்டன். சார்ட்டையும் பக்கத்தில ஒட்டினன். இலக்கு, குறிகாட்டி, பொறுப்பு, காலம், முன்னேற்றம். முன்னேற்றத்துக்கு மட்டும் நிற ஸ்டிக்கர். நடக்கேல்லையெண்டா சிவப்பு, நடந்துகொண்டிருந்தா மஞ்சள், முடிஞ்சா பச்சை.

சனம் உற்சாகமாயிட்டுது. இரண்டு நாளா நித்திரை தூங்கின ஆக்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வட்டமா இருந்தினம். எனக்குப் பெருமை தாங்கேல்ல.

திட்டக் குழுவுக்குத் தலைவர் கனகசபை ஐயா. வவுனியாவில இருந்து வந்தவர், பென்சன் எடுக்க இன்னும் ஒரு வருஷம். மைப்பேனையாலதான் எழுதுவார். அவர் முதல் கேட்ட கேள்வியே என்னை அசத்திப்போட்டுது.

"மிஸ், தேவை மதிப்பீடு செய்யாமல் எப்பிடித் திட்டம் போடுறது?"

"சரியாக் கேட்டீங்கள் ஐயா," எண்டன். "செய்யுங்கோ."

செய்யத் தொடங்கினம். அண்டைக்கு வெள்ளிக்கிழமை. சைவ ஆக்கள் பாதிப்பேருக்கு மேல மரக்கறி. தவக்காலமும். மன்னாரில இருந்து வந்த கத்தோலிக்க ஆக்கள் இறைச்சி தொடமாட்டினம், மீன் சாப்பிடுவினம். முஸ்லிம் ஆக்கள் மூண்டு பேர், அவைக்கு ஹலால் வேணும். இதை நாலு வரியில எழுதியிருக்கலாம்.

ஆனா ஒருத்தர் எழும்பி, முட்டை மரக்கறியோ எண்டு கேட்டிட்டார்.

அவ்வளவுதான். முட்டைக்கு மட்டும் முப்பது நிமிஷம் போச்சுது. கேக்குக்குள்ள இருந்தாப் பரவாயில்லை, சோத்துக்குள்ள இருந்தாத்தான் பிழை எண்டு ஒரு கட்சி. வெள்ளிக்கிழமை கேக்கும் பிழை எண்டு இன்னொரு கட்சி. கடைசியில கனகசபை ஐயா முட்டைக்கெண்டு தனியா ஒரு உபகுழு போட்டார்.

நான் என்ன செய்திருக்கோணும்? மணி பத்தாகுது, முதல் போனை எடுங்கோ எண்டு சொல்லியிருக்கோணும். நான் என்ன செய்தன்? "இதுதான் பங்கேற்புத் திட்டமிடல்," எண்டு கை தட்டினன்.

செயற்படுத்தும் குழுவில செல்வி எண்டு ஒரு பிள்ளை. நுவரெலியாப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லய வீட்டில பிறந்து வளர்ந்து படிச்சு வேலைக்கு வந்தவள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான். பத்துக்கு ஐஞ்சு நிமிஷம் இருக்கேக்க அவள் மெல்ல எழும்பி வந்தாள்.

"மிஸ், நான் வேணும்னா அந்த அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லிறவாங்க? மரக்கறி இத்தன, மீன் இத்தனன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு."

அந்தப் பக்கத்தில இருந்து கனகசபை ஐயா திரும்பினார். "தங்கச்சி, திட்டம் இன்னும் அங்கீகரிக்கேல்ல. அங்கீகாரம் எழுத்தில வராமல் செயற்படுத்தக்கூடாது. நாளைக்கு ஆரும் கேட்டா என்ன சொல்லுவீங்கள்?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் ஐயாவைப் பார்த்தன். இண்டைக்கும் அதை நினைக்க எனக்கு என்னிலயே கொதி வரும்.

"ஐயா சொல்லுறது சரி," எண்டன். "ஒழுங்குமுறை முக்கியம் செல்வி. எழுத்தில வரட்டும்."

பிள்ளை தன்ர கதிரையில போய் இருந்தாள்.

பத்தேமுக்காலுக்கு ரீ வந்தது. அது மண்டபத்து ஆக்களின்ர ஏற்பாடு, திட்டத்தில இல்லை. அதாலதான் வந்ததாக்கும். பிளேன்ரீயைக் குடிச்சுக்கொண்டு நான் சார்ட்டைப் பார்த்தன். வடிவா நிரம்பிக்கொண்டு வந்தது.

இலக்கு: அனைவருக்கும் சத்தான, சமயத்துக்கு ஏற்ற மதிய உணவு. குறிகாட்டி: வழங்கப்பட்ட பொதிகளின் எண்ணிக்கை. காலம்: பன்னிரண்டரை. பொறுப்பு எண்ட இடத்தில கனகசபை ஐயா தன்ர முத்துமுத்தான எழுத்தில எழுதியிருந்தார்: சம்பந்தப்பட்ட தரப்பினர்.

அதை நான் வாசிச்சனான். வாசிச்சுப்போட்டு என்ன வடிவான எழுத்து எண்டு நினைச்சனான். அதுக்கு மேல ஒண்டும் நினைக்கேல்ல.

கண்காணிப்புக் குழுவுக்கு நசீர். அம்பாறைப் பக்கம், சுறுசுறுப்பான ஆள். ஒரு நிமிஷம் ஒரு இடத்தில இருக்கமாட்டார். பன்னிரண்டு மணிக்கு அவரும் மற்ற இரண்டு பேரும் ஜும்ஆத் தொழுகைக்கு வெளிக்கிட்டினம்.

"மிஸ், நாங்க தொழுதிட்டு ஒரு மணிக்கு வந்திருவம். எங்கட பார்சல மட்டும் மூடி வையுங்க."

"கட்டாயம். கண்காணிப்பு என்ன மாதிரி?"

"அதெல்லாம் முடிச்சாச்சு மிஸ். சார்ட்டப் பாருங்க."

பார்த்தன். முன்னேற்றம் எண்ட நிரலில மேல இருந்து கீழ வரைக்கும் பச்சை ஸ்டிக்கர். நூறு வீதம். பொதிகள் வழங்கப்பட்டன. அதுக்குக் கீழ, பயனாளிகள் திருப்தி: மிக நன்று.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நிண்டன். ஏதோ இடிச்சுது. என்ன எண்டு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நசீர் அதுக்குள்ள படியால இறங்கிப் போயிட்டார். அவரின்ர குழுவில மிச்சம் இருந்த ஒரு அம்மாவைப் பிடிச்சுக் கேட்டன்.

"அக்கா, சாப்பாடு வந்திட்டுதோ?"

"இல்லை மிஸ்."

"அப்ப ஏன் பச்சை?"

"பன்னிரண்டரைக்கு நசீர் தம்பி இங்க இருக்கமாட்டார் தானே மிஸ். நாங்கள் மாத முடிவு அறிக்கையை எப்பவும் இருபத்தைஞ்சாம் திகதியே அனுப்பிறனாங்கள். அதேமாதிரி முன்கூட்டியே போட்டிட்டார்."

"சரி. எல்லாம் பச்சையா ஏன்?"

அவ என்னை ஒரு பச்சைப்பிள்ளையைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தா. "சிவப்புப் போட்டா விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் மிஸ். மஞ்சள் போட்டா நினைவூட்டல் வரும். பச்சை போட்டா ஒண்டும் வராது."

"திருப்தி மிக நன்று எண்டு போட்டிருக்கே? ஆரைக் கேட்டனீங்கள்?"

"எல்லாரையும் கேட்டனாங்கள். நேற்றையச் சாப்பாட்டை வைச்சுச் சொன்னவை."

 செல்வியின்ர குழுவிட்டை ஓடினன். பார்சல் சொல்லியாச்சோ?

"எழுத்துல வரலீங்க மிஸ். காத்துக்கிட்டிருக்கோம்."

கனகசபை ஐயாவிட்டை ஓடினன். அவர் கடைசிப் பக்கத்தில கையெழுத்து வைச்சுக்கொண்டிருந்தார். "இப்பதான் முட்டை உபகுழுவின்ர அறிக்கை வந்தது மிஸ். இதோ அங்கீகாரம். அந்த அம்மாவுக்கு இனிச் சொல்லலாம்."

மணி பன்னிரண்டு பத்து.

மேரி அக்காவுக்கு எடுத்தன்.

"நீதானே மகள் சொன்ன, அவங்க எடுப்பாங்க எண்டு. பதினொண்டு வரைக்கும் போன் பக்கத்திலயே இருந்தன். ஒருத்தரும் எடுக்கல்ல. சரி, வேற இடத்தில சொல்லிட்டாங்க எண்டு நினைச்சு எங்கட வீட்டுக்கு மட்டும் வைச்சன். பருப்பும் கீரி மீனும் இருக்கு. நாலு பேருக்குக் காணும். அனுப்பவா?"

இருபத்தேழு பேருக்கு நாலு பேரின்ர கீரி மீன். அதுவும் வெள்ளிக்கிழமை. வேண்டாம் அக்கா எண்டன்.

கீழ இறங்கி ஓடினன். மண்டபத்துக்குப் பக்கத்தில இருந்த இரண்டு சாப்பாட்டுக் கடையும் முஸ்லிம் ஆக்களின்ரது. ஜும்ஆவுக்கு இரண்டும் பூட்டு. சைவக்கடை பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். ரோட்டடிக்கு வந்தா, ஆமி கயிறு பிடிச்சுக்கொண்டு நிக்குது. ஆரோ பெரிய ஆள் போகப்போறாராம், ரோட் குளோஸ். எப்ப திறப்பினம் எண்டு கேட்டன். தெரியாது எண்டாங்கள். அந்தப் பக்கம் சைவக்கடையின்ர வாசலில வாழையிலைக் கட்டு இறக்கினம். எனக்கு நல்லாத் தெரியுது. போகத்தான் ஏலாது.

ஒரே ஒரு ஆறுதல். ரோட் குளோஸ் எண்டா டிரெக்டரும் மேடமும் எங்கயோ மாட்டுப்பட்டிருப்பினம். ஒரு மணித்தியாலம் கிடைக்கும். அப்பிடி நினைச்சுக்கொண்டு திரும்பி நடந்தன்.

மண்டப வாசலில அமைச்சின்ர வாகனம் நிக்குது. அமைச்சு வாகனத்துக்கு ஏது ரோட் குளோஸ்.

மேல ஏறின எனக்கு மூச்சு வாங்கிச்சுது. டிரெக்டர் சார்ட்டுக்கு முன்னால நிண்டு மேடத்துக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். மேடத்துக்கு ஐம்பத்தைஞ்சு வயசிருக்கும். கைத்தறிச் சாறி, மூக்கு நுனியில கண்ணாடி. தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனா பச்சை நிறத்துக்கு மொழி தேவையில்லையே.

"மேடம், பாருங்கோ. எல்லா இலக்கும் பூர்த்தி," எண்டார் டிரெக்டர் சிங்களத்தில. அவரின்ர முகத்தில அவ்வளவு சந்தோசத்தை நான் அதுக்கு முன்னம் கண்டதில்லை.

"மிக நல்லது," எண்டா மேடம். "என்ன இலக்கு?"

"இண்டையான் மதியச் சாப்பாடு மேடம். அதிகாரிகளே திட்டமிட்டு அதிகாரிகளே செய்தது."

"அப்பிடியா? எனக்கும் நல்ல பசி. காலமையும் சாப்பிடேல்ல. எங்க சாப்பாடு?"

எல்லாரும் மேசையைப் பார்த்தினம். மேசையில வெள்ளைத் துணி விரிச்சிருந்தது. அதில இருபத்தேழு கிளாஸ் கவிட்டு வைச்சிருந்தது. வேற ஒண்டும் இல்லை.

மேடம் திரும்பவும் சார்ட்டைப் பார்த்தா. பிறகு மேசையைப் பார்த்தா. பிறகு டிரெக்டரைப் பார்த்தா. டிரெக்டர் என்னைப் பார்த்தார். நான் கனகசபை ஐயாவைப் பார்த்தன்.

ஐயா எழும்பினார். முப்பது வருஷ அனுபவம். சிங்களம் தண்ணிமாதிரி வரும். "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது, மேடம்," எண்டார்.

"இந்த வசனத்தை நான் இருபது வருஷமா வாசிக்கிறன்," எண்டா மேடம். "ஒரு நாளும் எனக்குப் பசிக்கேக்க வாசிச்சதில்லை."

ஒருத்தரும் சிரிக்கேல்ல. சிரிக்கிறதோ இல்லையோ எண்டு தெரியாமல் நிண்டினம்.

மேடம் டிரெக்டருக்குப் பக்கத்தில ஒரு கதிரையில இருந்தா. "இதில பொறுப்பு எண்டு ஒரு நிரல் இருக்குத்தானே. அதில ஆரின்ர பேர்?"

டிரெக்டர் என்னைக் கேட்டார். சம்பந்தப்பட்ட தரப்பினர் எண்டு நான் மொழிபெயர்த்தன். சொல்லேக்க எனக்கே வெக்கமாயிருந்தது.

"ஆர் அவை? இங்க இருந்தா கை உயர்த்தச் சொல்லுங்கோ."

இருபது பேர் மட்டில இருந்தினம். ஒரு கை உயரேல்ல.

 பகிடியில்லை, உண்மையாச் சொல்லுறன். அந்த நேரம் அம்மாவைத்தான் நினைச்சன். திங்கட்கிழமை அன்ரி கதவைத் தட்டுவா, நான் வெறுங்கையோட நிப்பன். முட்டைக்கு முப்பது நிமிஷம் குடுத்த விசரி நான்.

இனி என்ன நடந்தாலும் நடக்கட்டும் எண்டு கையை உயர்த்தினன்.

"நான்தான் மேடம். சமைக்கிற அக்கா காலமை தானா எடுத்துக் கேட்டவா. வேண்டாம், அதிகாரிகள் எடுப்பினம் எண்டு சொன்னது நான். இவை ஒருத்தரிலயும் பிழையில்லை."

மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. டிரெக்டர் நிலத்தைப் பார்த்தார்.

அப்பத்தான் படியில காலடிச் சத்தம் கேட்டுது. செல்வி. மூச்சு வாங்க வாங்க வந்து நிண்டாள். அவள் எப்ப வெளியில போனவள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இரண்டு கையிலயும் பேக்கரிப் பைகள், தோளில ஒரு வாழைக்குலை. பின்னால பேக்கரிக்காரர் இன்னும் இரண்டு பை தூக்கிக்கொண்டு வாறார்.

"ரோட்ட மூடிட்டாங்கன்னு சொன்னாங்க மிஸ். இந்தப் பக்கம் பேக்கரி மட்டுந்தான் தொறந்திருந்துச்சு. பாண், பட்டரு, சீனிச் சம்பல், வாழப்பழம். சம்பல்ல மாசிக் கருவாடு போடலீங்க. கேட்டுத்தான் வாங்கினேன். வெள்ளிக்கெழமையில்ல."

மண்டபம் முழுக்கச் சூடான பாண் மணம் பரவிச்சுது. அந்த மணத்தில என்ர கண் கலங்கினது பசியாலயோ வேற எதாலயோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது.

கனகசபை ஐயா மட்டும் மெதுவா எழும்பினார். "மிஸ், அங்கீகரிச்ச திட்டத்தில பாண் இல்லையே. ஒரு திருத்தம் போட்டா..."

"மாத்தயா, வாடிவென்ன," எண்டா மேடம், ஐயா இருங்கோ எண்டு. ஐயா இருந்தார். இருந்து, ஆறு துண்டு பாண் சாப்பிட்டார். நான் எண்ணினனான்.

மேடம் செல்வியைப் பக்கத்தில கூப்பிட்டா. நான் மொழிபெயர்க்க வெளிக்கிட, செல்வி தானே சிங்களத்தில கதைக்கத் தொடங்கிட்டாள்.

"போறதுக்கு உங்களுக்கு ஆர் அனுமதி தந்தது?"

"யாரும் தரலீங்க மேடம். எல்லாருக்கும் பசிச்சுது, போயிட்டேன்."

மேடம் பாணில சம்பலைப் பூசிக்கொண்டே டிரெக்டரிட்டைச் சொன்னா: "நாங்கள் ஒரு திட்டத்தை ஐஞ்சு வருஷம் பச்சை பச்சையா வாசிச்சிட்டு, ஆறாவது வருஷம் போய்ப் பார்ப்பம். அங்க வெறும் மேசை இருக்கும். இவை அதை மூண்டு மணித்தியாலத்தில காட்டிப்போட்டினம். இந்தப் பாடத்தை மற்ற வகுப்புகளிலயும் நடத்துங்கோ."

"இதேமாதிரியா மேடம்?" எண்டு டிரெக்டர் கேட்டார்.

"சாப்பாட்டை மட்டும் ஒளிச்சு வைச்சுக்கொண்டு நடத்துங்கோ."

ஒரு மணிக்கு நசீரும் மற்ற இரண்டு பேரும் தொழுதிட்டு வந்தினம். நசீர் மேசையைப் பார்த்தார். பாண் தூள், பழத்தோல்.

"மிஸ், எங்கட பார்சல் எங்க?"

முழு மண்டபமும் சார்ட்டைக் காட்டிச்சுது. அவருக்கு மட்டும் விளங்க இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது. செல்வி அவை மூண்டு பேருக்கும் தனியா எடுத்து மூடி வைச்சிருந்தாள்.

பின்னேரம் வெளிக்கிட முன்னம் மேடம் என்னட்டை ஒரு பேனையைத் தந்து, பொறுப்பு எண்ட இடத்தை வெட்டிப்போட்டு என்ர பேரை எழுதச் சொன்னா. முழுப்பேரும் எழுதினன். கடிதத்தைப் பற்றி அவ ஒரு வார்த்தை கதைக்கேல்ல. டிரெக்டரும் கதைக்கேல்ல. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் அம்மாவின்ர முகத்தைப் பார்க்காமல் பேப்பருக்குள்ள முகத்தை வைச்சுக்கொண்டு திரிஞ்சன்.

திங்கட்கிழமை காலமை டிரெக்டர் கூப்பிட்டார். கையில ஒரு கடித உறை. ஒரு வருஷம். முழுசா ஒரு வருஷம்.

நிண்ட இடத்திலயே அழுதிட்டன். மனுசன் பயந்துபோய்த் தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

"மேடம்தான் எழுதச் சொன்னவா," எண்டார். "கடமைகளின்ர ஒழுங்கையும் அவதான் சொன்னவா."

கடிதம் சிங்களத்தில. கடமைகள் எண்டு மூண்டு வரி. மூண்டாவது, தேசிய அபிவிருத்தி இலக்குகளைக் கண்காணித்தல். இரண்டாவது, அரச அதிகாரிகளுக்குப் பயிற்சி அளித்தல். முதலாவது, மதிய உணவு ஏற்பாடு.

சாப்பாடு முதல் வரியில நிண்டா என்ன, கடைசி வரியில நிண்டா என்ன? மத்தியானமே லீவு போட்டிட்டு வெள்ளவத்தைக்கு ஓடி வந்து, அன்ரியையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனன்.

மேசையில இருந்த பொலிஸ்காரர் கடிதத்தை விரிச்சார். அவருக்குப் பின்னால நீளமா வரிசை. அவர் முதல் வரியை மட்டும் வாசிச்சார்.

"கேம உயன கெனாத?" எண்டார். சமைக்கிற ஆளோ எண்டு.

நான் வாயைத் திறந்தன். திட்டமிடல், குறிகாட்டி, கண்காணிப்பு எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அன்ரி என்ர முழங்கையைப் பிடிச்சு ஒரு கிள்ளுக் கிள்ளினா.

"ஓம் சேர்," எண்டன்.

"அப்ப லேசு. அலுவலக ஆக்கள் எண்டா கந்தோருக்குப் போன் எடுத்துக் கேக்கோணும், இரண்டு படிவம் நிரப்போணும்," எண்டு சொல்லிக்கொண்டே தொழில் எண்ட இடத்தில ஒரு சொல்லை எழுதி, டக்கெண்டு முத்திரையைக் குத்தினார்.

அந்த ஒரு வருஷமும் அம்மாவும் நானும் நிம்மதியா இருந்தம். எத்தினை தரம் வீடு வீடாச் சோதிச்சாங்கள், பதிவைப் பார்த்தாங்கள், தலையாட்டினாங்கள், போனாங்கள்.

நான் சமையல்காரி எண்டதை முழுப் பொலிசும் நம்பிச்சுது, அம்மாதான் கடைசி வரைக்கும் நம்பேல்ல.